தெரியாமல் விஷம் உள்ளே போய்விட்டால்: எந்த எண்ணுக்குப் போன் செய்வது, எதைச் செய்யவே கூடாது

முதலில் போனை எடுத்து இந்த எண்களைச் சேமித்துவிடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். 1800 116 117. இது டெல்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண், இரவு பகல் எந்த நேரமும் அழைக்கலாம். கிடைக்காவிட்டால் 011 26589391 அல்லது 011 26593677. ஆம்புலன்ஸுக்கு 108, கடலூர் ஆனாலும் புதுச்சேரி ஆனாலும் அதே எண்தான். தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணும் இருக்கிறது, அதில் தமிழிலேயே பேசலாம். சேமிக்கும்போது பெயரை 'விஷம்' என்று தமிழில் போட்டுவிடுங்கள், கை நடுங்கும் நேரத்தில் வேறு எந்தப் பெயரும் ஞாபகத்துக்கு வராது. வீட்டில் தாத்தா பாட்டி குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் அவர்கள் போனிலும் போடுங்கள், ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளில் எழுதியும் ஒட்டுங்கள்.

கடலூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். குழந்தை எதையாவது குடித்துவிட்டால் நிறையப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் மருந்துக் கடைக்குத்தான் ஓடி வருகிறார்கள். வண்டியை ஸ்டாண்டு கூடப் போடாமல் தெருவிலேயே சாய்த்துவிட்டு வந்து, "அண்ணே, பையன் எதையோ குடிச்சிட்டான், வாந்தி வர்றதுக்கு ஏதாவது குடுங்க" என்பார்கள். நான் கொடுக்க மாட்டேன், எந்தக் கடைக்காரரும் கொடுக்கக் கூடாது. உள்ளே போன விஷத்தைவிட, அதை வெளியே எடுக்கிறேன் என்று வீட்டில் செய்யும் வைத்தியம் சில நேரம் அதிகக் கேடு செய்துவிடுகிறது. பயத்தில் செய்கிறார்கள், அவர்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை, ஆனால் முன்கூட்டியே தெரிந்திருந்தால் செய்ய மாட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பத்து நிமிடம்

குழந்தையைப் பாருங்கள். கூப்பிட்டால் பேசுகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா? நினைவில்லை, வலிப்பு வருகிறது, மூச்சு இழுக்கிறது, உதடு நீலமாகிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆலோசனை கேட்க நேரம் இல்லை, நேராக 108. வண்டி வரும் வரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் நுரையோ வாந்தியோ இருந்தால் துடைத்து எடுங்கள், வாயில் தண்ணீர் கூட ஊற்றாதீர்கள். மூச்சே இல்லையென்றால் நெஞ்சை எப்படி அழுத்த வேண்டும் என்று 108-இல் பேசுபவரிடமே கேளுங்கள், போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது என்றால், வாயில் மிச்சம் இருப்பதை விரலில் துணி சுற்றித் துடைத்து எடுங்கள், வாய் கொப்பளிக்கத் தெரிந்த வயது என்றால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மணி என்ன என்று பாருங்கள். பாட்டிலோ, அட்டையோ, செடியின் இலையோ காயோ எதுவாக இருந்தாலும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உடனே விஷத் தகவல் எண்ணுக்குப் போடுங்கள்.

வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. தொண்டைக்குள் விரல் விடுவது, உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு, சாணிக் கரைசல், எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய் வயிற்றில் இருக்கும் வரை பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, வாந்தியாக மேலே வரும்போது சில சொட்டு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலே நுரையீரல் வெந்து நிமோனியா ஆகிவிடும். ஆசிட் போகும்போது உணவுக்குழாயைச் சுட்டுவிட்டுப் போயிருக்கிறது, திரும்பி வந்தால் அதே புண்ணை இரண்டாம் முறை சுடும். சூடத்தை விழுங்கிய குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம், நீங்கள் வாந்தி எடுக்க வைத்துக்கொண்டிருக்கும்போது வலிப்பு வந்தால் வாந்தி நேராக நுரையீரலுக்குத்தான் போகும். உப்புத் தண்ணீரை நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் சோடியம் ஏறி, அதுவே தனியாக உயிருக்கு ஆபத்தாகும். பால் நல்லதுதானே என்று கேட்பார்கள். அந்துருண்டைக்கும் சூடத்துக்கும் பாலோ எண்ணெயோ கொடுத்தால், அந்தக் கொழுப்பில் கரைந்து விஷம் இன்னும் வேகமாக உடம்பில் ஏறும். அதனால் எய்ம்ஸ்காரர்களோ டாக்டரோ சொல்லும் வரை எதுவும் கொடுக்காதீர்கள்.

போனுக்கு முன்னால் கையைப் போட வேண்டியவை இரண்டு. ஒன்று கண். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அமுக்கி விளையாடும், அது வெடித்து நேராகக் கண்ணில் அடிக்கும். சுண்ணாம்பு ஆசிட்டுக்கு நேர் எதிரான காரம், ஆசிட்டைவிட ஆழமாகக் கண்ணைத் தின்னும். அந்த இடத்திலேயே இமையை விரித்துப் பிடித்து, சொம்பு சொம்பாக நல்ல தண்ணீரை இருபது நிமிடமாவது ஊற்ற வேண்டும். குழந்தை கத்தும், துள்ளும், இரண்டு பேர் பிடித்துக்கொண்டாவது ஊற்றுங்கள். கழுவாமல் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு எவ்வளவு வேகமாகப் போனாலும், அந்த வழி நேரம் முழுக்கச் சுண்ணாம்பு கண்ணைத் தின்றுகொண்டேதான் இருக்கும். முதலில் கழுவுங்கள், அப்புறம் கிளம்புங்கள். இரண்டாவது தோல். பூச்சிமருந்து மேலே கொட்டினால் சட்டையைக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள், துணியில் ஊறிய மருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும்.

பொத்தான் பேட்டரி மட்டும் தனிக் கதை. பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் அந்தச் சின்ன வட்ட பேட்டரி உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் குழாயை அரித்துவிடும். ஒரு வயதுக்கு மேல் ஆன குழந்தை, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள், விழுங்குவதில் சிரமமில்லை என்றால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். அதைப் போகிற வழியிலேயே கொடுத்துக்கொண்டு, உடனே எக்ஸ்ரே எடுக்கும் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேனைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம், இருந்தால் சரி.

எப்படி நடக்கிறது என்று பார்த்தால்

எய்ம்ஸ் மையத்துக்கு 1999 முதல் 2002 வரையிலான மூன்று ஆண்டுகளில் வந்த 2,700க்கும் மேற்பட்ட அழைப்புகளை அவர்களே பிரித்துப் பார்த்தார்கள். 44 சதவீதம் வீட்டில் புழங்கும் பொருட்கள், அதற்கு அடுத்தது மருந்து மாத்திரை, வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து அதற்கும் பின்னால்தான். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

எங்கள் பக்கம் நான் மறுபடி மறுபடி பார்ப்பது பாட்டில் மாற்றி ஊற்றுவதால் வருவது. தள்ளுவண்டியிலும் சைக்கிளிலும் விற்கிற பினாயில், பாத்ரூம் ஆசிட், சோப் ஆயில் எல்லாம் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில்தான் வருகிறது, லேபிள் கூடச் சில நேரம் தண்ணீர் கம்பெனியுடையதே இருக்கும். ரேஷன் மண்ணெண்ணெய் குறைந்துபோனாலும் பெயிண்டுக்கு வாங்கிய தின்னர் அதே மாதிரிப் பாட்டிலில் ஜன்னல் ஓரம் நிற்கிறது. புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்று முள்ளோடை, கன்னியக்கோயில் பங்குகளுக்குப் போய் வண்டிக்குப் போட்டுக்கொண்டு, கூடவே ஒரு பாட்டிலிலும் பிடித்து வந்து வைப்பவர்கள் உண்டு. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புக்கு அடித்த மருந்தில் மிச்சம் குவார்ட்டர் பாட்டிலில் திண்ணையில் இருக்கும். சித்திரை வெயிலில் விளையாடிவிட்டு ஓடி வருகிற இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தண்ணீர் பாட்டில் என்றால் உள்ளே இருப்பது தண்ணீர்தான். பெரியவர்களுக்கும் இது நடக்கிறது, இரவில் விளக்குப் போடாமல் எழுந்து ஒரு மடக்கு ஆசிட்டைக் குடித்துவிட்டு வருகிறார்கள். ஆண்களிடம் இன்னொரு பழக்கம், டேங்கில் டியூப் போட்டு வாயால் பெட்ரோலோ டீசலோ இழுப்பது. தேவனாம்பட்டினத்திலும் முதுநகர் துறைமுகப் பக்கத்திலும் படகுக்கு டீசல் மாற்றும்போது இதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள். ஒரு இழுப்பு தப்பி மூச்சில் போனாலே போதும், அன்று மாலையே இருமலும் காய்ச்சலுமாக வந்து நிற்பார்கள். கையால் அமுக்குகிற பம்ப் டியூப் ஹார்டுவேர் கடையில் விலை அதிகமில்லாமல் கிடைக்கிறது, தயவுசெய்து வாங்கிவிடுங்கள்.

அடுத்தது மாத்திரை, இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அது மிக நல்ல திட்டம், ஆனால் அதனால் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் பாட்டியின் தலையணைக்குக் கீழே ஒரு கவர் மாத்திரை இருக்கிறது. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரியான சுகர் மாத்திரை ஒன்றே ஒன்று சின்னக் குழந்தையின் வயிற்றுக்குள் போனாலும் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், அதுவும் உடனே இல்லை, பல மணி நேரம் கழித்து, குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போது. தூங்குகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அதனால் இந்த மாத்திரை என்றால் குழந்தை எப்படித் தெம்பாக இருந்தாலும் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை சிவப்பாக மிட்டாய் மாதிரியே இருக்கும். நாலைந்தை அள்ளிப் போட்டுக்கொண்ட குழந்தை முதலில் வாந்தி எடுக்கும், அப்புறம் சரியாகிவிட்ட மாதிரி தெரியும், அதன் பிறகுதான் உடம்பு மோசமாகும்.

காய்ச்சல் மருந்தில் வரும் குழப்பம் கடையில் நானே தினம் தடுத்து நிறுத்துவது. பாரசிட்டமால் டிராப்ஸில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். 125 சிரப்பில் 5 மில்லிக்குத்தான் 125, அதாவது 1 மில்லிக்கு 25. டாக்டர் '5 மில்லி கொடுங்கள்' என்று சிரப்பை நினைத்துச் சொன்னதை வீட்டில் டிராப்ஸ் பாட்டிலில் இருந்து 5 மில்லி எடுத்துக் கொடுத்தால் நாலு மடங்கு போய்விடும். ஒருமுறை அப்படி ஆனால் பெரும்பாலும் சமாளிக்கலாம், ஆனால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் கொடுத்திருந்தால் ஈரல் பாதிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. விஷத்தை முறிக்கும் மாற்று மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால்தான் அது முழுதாக வேலை செய்யும். பாட்டில் அட்டையில் 'மில்லிக்கு எவ்வளவு' என்று இருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள், சந்தேகம் என்றால் கடைக்காரரைக் கேளுங்கள், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

பூஜை அலமாரியில் சூடம், துணி பீரோவில் அந்துருண்டை. இரண்டும் வெள்ளை, இரண்டும் கற்கண்டு மாதிரி. சூடம் வேகமானது, ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் வலிப்பு. சின்ன வில்லைதானே என்று விடக் கூடாது. அந்துருண்டை மெதுவானது, ஓரிரு நாள் கழித்து சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும், சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக இருக்கும், அவர்களுக்கு ரத்த அணுக்கள் உடைவது கடுமையாக இருக்கும். நீலகிரி தைலத்தை ஓமத் தண்ணீர் என்று நினைத்து ஒரு ஸ்பூன் ஊற்றிவிடுவதும், சளிக்கு என்று கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டுவதும் இன்னும் நிற்கவில்லை. இரண்டிலும் வலிப்பும் மயக்கமும் வரலாம், வேப்பெண்ணெயில் மூளையும் ஈரலும் சேர்ந்து பாதிக்கும். பாட்டி காலத்தில் கொடுத்தார்கள் என்பதற்காகக் கொடுக்காதீர்கள், அம்மா.

எலி மருந்து மூன்று வகை, மூன்றுக்கும் வைத்தியம் வேறு. டியூபில் வரும் எலி பேஸ்டில் மஞ்சள் பாஸ்பரஸ் இருக்கும். தமிழ்நாடு அரசு தடை செய்தும் வீடுகளில் பழைய டியூப் கிடக்கிறது. அதைத் தொட்டு நக்கிய குழந்தைக்கு முதல் நாள் வயிற்று வலி, வாந்தி, இரண்டாம் நாள் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும், மூன்றாம் நாள் ஈரல் செயலிழக்க ஆரம்பிக்கும். அந்த இரண்டாம் நாளை நம்பி வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள். எலி கேக்கில் இருப்பது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, நாள்கள் கழித்து ஈறில், சிறுநீரில் ரத்தம் வரும். கறுப்புப் பொடி வகை வயிற்றுக்குள் போனதும் விஷ வாயுவாக மாறும். அதனால் 'எலி மருந்து' என்று மட்டும் சொன்னால் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது, கவரையே கொண்டு போங்கள்.

செடிகளில் காட்டாமணக்கு விதை பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து தின்பது, கடலை ருசியாக இருக்கும். வாந்தி பேதியில் நீர் வற்றிப் போகும். மஞ்சள் அரளி விதை இதயத் துடிப்பைக் குலைக்கும். குன்றிமணியை முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும், கடித்து மென்றிருந்தால் ஆபத்து. நம் பக்கத்து ஒடுவந்தழையைப் பற்றி ஜிப்மர் மருத்துவர்கள் நிறையவே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பொட்டாசியம் இறங்கி இதயம் தடுமாறும், ஆள் நடந்து பேசிக்கொண்டிருக்கும்போதே அது நடந்துவிடும்.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கக்கூஸ் கழுவாதீர்கள், குளோரின் வாயு வரும். கடலூரில் ஒவ்வொரு புயல் வெள்ளத்துக்கும் பிறகு வீட்டைக் கழுவும்போது இது நடக்கும், 2015-இலும் ஃபெஞ்சல் வந்தபோதும் கண் எரிச்சலும் இருமலுமாக ஆட்கள் கடைக்கு வந்தார்கள். வெளியே காற்றோட்டத்துக்கு வந்துவிடுங்கள், மூச்சு திணறல் நிற்கவில்லையென்றால் 108. கரண்ட் இல்லாத நாளில் ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்து ஓட்டவே கூடாது, அந்தப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

போனில் என்ன கேட்பார்கள்

பலர் இந்த எண்ணை ஆம்புலன்ஸ் என்று நினைக்கிறார்கள், இல்லை. வண்டி வராது. எந்தப் பொருளில் என்ன ரசாயனம், எவ்வளவு போனால் ஆபத்து, என்ன மாற்று மருந்து என்ற விவரம் அவர்களிடம் இருக்கிறது. இப்படி ஒரு மையம் முதலில் சிகாகோவில் 1953-இல் தொடங்கியது, எய்ம்ஸில் 1995-இல் வந்தது. நமக்கு மட்டுமல்ல, டாக்டர்களுக்கும் அவர்கள்தான் சொல்கிறார்கள். சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டருக்குத் தெரியாத பொருள் என்றால் "சார், 1800 116 117-க்கு ஒரு போன் போட்டுப் பாருங்களேன்" என்று நீங்களே தயங்காமல் சொல்லலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

ஆங்கிலத்திலோ இந்தியிலோ பேச வேண்டி வரலாம். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளையைக் கூப்பிட்டுப் போனைக் கொடுங்கள், குழந்தையோடு நீங்கள் இருங்கள். அவர்கள் கேட்பது வயது, எடை, பொருளின் பெயர், எவ்வளவு, எத்தனை மணிக்கு, இப்போது எப்படி இருக்கிறது, நீங்கள் ஏற்கனவே என்ன கொடுத்தீர்கள். "இரண்டு வயது, பதினோரு கிலோ, கொசு லிக்விட் பாட்டிலைக் கடித்திருக்கிறான், பாதி காலி, சட்டையிலும் கொட்டியிருக்கிறது, கால் மணி நேரம் ஆச்சு, ரெண்டு தடவை இருமினான், எதுவும் கொடுக்கவில்லை." இவ்வளவு போதும். பாட்டிலில் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், குறைந்திருக்கும் அளவு முழுவதையும் குடித்ததாகவே வைத்துச் சொல்லுங்கள்.

பூச்சிமருந்து பாட்டிலில் ஒரு சாய்சதுரம் இருக்கும், அதன் கீழ்ப்பாதி நிறம் விஷத்தின் வேகத்தைச் சொல்லும். சிவப்பு மிகக் கடுமை, அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை கடைசி. பிராண்டு பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் உண்மையான மருந்தின் பெயரும் சதவீதமும் இருக்கும், அதைப் படியுங்கள். மாற்று மருந்தும் லேபிளிலேயே அச்சாகியிருக்கும். ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் கூடப் போகிறவருக்கு அனுப்பிவிடுங்கள்.

பல அழைப்புகளில் அவர்கள் சொல்வது, 'பயப்பட வேண்டாம், வீட்டிலேயே பாருங்கள்' என்பதுதான். சாக்பீஸ், கிரேயான், பேனா மை, புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல், உடைந்த தெர்மாமீட்டரில் இருந்து விழுங்கிய பாதரசம், இவை பெரும்பாலும் ஒன்றும் செய்யாது (பாதரசத்தைத் துடைப்பத்தால் கூட்டக் கூடாது, வேக்குவம் போடக் கூடாது, ஆவி மூச்சில் போவதுதான் கெடுதல்). நள்ளிரவில் பாகூரில் இருந்து ஜிப்மருக்கு ஓடத் தேவையில்லை என்று ஒருவர் உறுதியாகச் சொல்வது எத்தனை பெரிய உதவி என்று குழந்தை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால்

பக்கத்தில் எது இருக்கிறதோ அதற்கு முதலில் போங்கள். கடலூர் என்றால் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் பக்கம் என்றால் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி என்றால் அரசு பொது மருத்துவமனை அல்லது கோரிமேடு ஜிப்மர். பெரிய இடமாகப் போகலாம் என்று அரை மணி கூடுதலாக ஓடாதீர்கள், மூச்சையும் வலிப்பையும் நிறுத்தி நிலைப்படுத்தியபின் அவர்களே அனுப்புவார்கள். விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் போனால்தான் விஷத்தைப் பிடித்துவைக்கும் கரியைக் கொடுத்துப் பலன் பார்க்க முடியும், அதுவும் எல்லா விஷத்துக்கும் பொருந்தாது. மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்கு வயிற்றைக் கழுவ மாட்டார்கள், 'ஏன் ஒன்றுமே செய்யாமல் உட்கார வைத்திருக்கிறீர்கள்' என்று டாக்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஆறு மணி நேரம் மூச்சைக் கவனிப்பதுதான் அதற்கு வைத்தியம்.

விஷக் கேஸ் என்றால் போலீசுக்குத் தகவல் போகும், அது வழக்கமான நடைமுறை. அதற்குப் பயந்து 'ஏதோ சாப்பாடு ஒத்துக்கலை' என்று மறைக்காதீர்கள், பூச்சிமருந்துக்கு மாற்று மருந்தான அட்ரோபின் போட வேண்டிய நேரத்தில் வயிற்றுப்போக்குக்கு குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். மருமகள் திட்டுவாள் என்று மாமியார் தன் மாத்திரையை மறைப்பதும் நடக்கிறது. யார் தப்பு என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். தெரிந்தே ஒருவர் குடித்திருந்தாலும் முதலுதவி இதேதான், அவரைத் தனியே விடாதீர்கள், திட்டாதீர்கள். மனசு விட்டுப் பேச டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழில் பேசலாம்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகும் வேலை முடியவில்லை. அந்துருண்டை என்றால் மூன்று நான்கு நாள் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள், எலி கேக் என்றால் டாக்டர் சொன்ன நாளில் ரத்த உறைவுப் பரிசோதனைக்கு மறக்காமல் போங்கள், ஆசிட் என்றால் இரண்டு மூன்று வாரம் கழித்தும் சோறு தொண்டையில் அடைக்கிறதா என்று கவனியுங்கள், உணவுக்குழாய் சுருங்க ஆரம்பிப்பது அப்போதுதான் தெரியும். சந்தேகம் வந்தால் அதே 1800 116 117-க்கு மறுபடியும் போடலாம், முதல் தடவை என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.